பொலிஸ்காரர் பிடித்துவந்தா போதகர் ஞானஸ்நானம் கொடுப்பார்?

ஒரு போதகர் மேடையில் முழங்கும் அந்தக் காணொளியை இனி எனக்கு யாரும் அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். கடைசி ஆமென் வரை பார்த்துவிட்டேன். மேடை, விளக்கு, வாத்தியம் எல்லாம் பிரமாதம். இந்த இலங்கை சட்டப்படி கிறிஸ்தவ நாடாகும், அன்று விக்கிரகங்களுக்கு இங்கே இடமிருக்காது என்று அவர் முழங்கியதும் கூட்டம் எழுந்து கைதட்டியதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கைதட்டியவர்களில் நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களின் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கத்து முகங்கள் எத்தனை! என்னோடு ஒரே லயத்தில், அதே தோட்டத்து வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களும் அதில் இருக்கிறார்கள்.

நானும் கிறிஸ்தவள்தான். இதைச் சொல்ல வேண்டிய நிலை வந்ததே எரிச்சலாக இருக்கிறது. ஆனால் சட்டம் போட்டு யாரையும் விசுவாசியாக்க முடியாது. பயந்தவராக்கலாம், நடிப்பவராக்கலாம், அவ்வளவுதான்.

இந்தத் தீவிலேயே அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். போர்த்துக்கீசர் நல்லூர்க் கோயிலை இடித்தது 1621இல். பின்னால் வந்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) இன்னும் கெட்டிக்காரர்கள், பதிவேட்டைக் கையில் எடுத்தார்கள். அரச உத்தியோகம் வேண்டுமா, கல்யாணத்தைப் பதிய வேண்டுமா, ஞானஸ்நானம் எடு. சனங்களும் எடுத்தார்கள். விரத நாளில் வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு, எவனாவது பார்த்துக் காட்டிக்கொடுப்பான் என்று எச்சில் இலையைக் கூரையில் செருகி மறைத்தார்கள் என யாழ்ப்பாணத்தில் இன்றும் சொல்வார்கள். ஆங்கிலேயர் வந்து கட்டாயம் நீங்கியதும் அந்தப் பதிவேட்டுக் கிறிஸ்தவர்கள் வந்த வழியே போய்விட்டார்கள். அந்த அறுவடையைத்தானா மேடையில் கேட்கிறீர்கள்?

அதே ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்றும் சட்டம் போட்டார்கள். கிறிஸ்தவ அரசு, கிறிஸ்தவக் குருவைத் தேடிப் பிடிக்கிறது! 1687இல் கோவாவிலிருந்து வந்த யோசப் வாஸ் அடிகள் பிச்சைக்காரர் வேடத்தில் ஒளிந்து திரிந்தார். கண்டிக்குப் போனபோது உளவாளி என்று சந்தேகித்துச் சிறையில் போட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அவரைக் கடைசியில் காப்பாற்றியதும் அதே கண்டி இராச்சியம்தான். பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் நிழலில்தான் அவர் வேலை செய்தார். 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015இல் பாப்பரசர் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்தபோது, நம் ஊரிலிருந்து பஸ் பிடித்துப் போனவர்கள் உண்டு. போய் என்ன கேட்டுவிட்டு வந்தீர்கள்?

சரி, கிறிஸ்தவ நாடு என்றே வைத்துக்கொள்வோம். எந்தக் கிறிஸ்தவம்? எங்கள் டவுனில் கத்தோலிக்கக் கோயில், அங்கிலிக்கன் சபை, மெதடிஸ்த சபை எல்லாம் உண்டு, பெந்தெகொஸ்தே சபைகள் கடைக்கு மேலே கடையாக இருக்கின்றன. குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பதா, வளர்ந்தபின் முழுக்குவதா என்பதிலேயே நாம் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சட்டம் யார் பக்கம் நிற்கும்? 1527இல் சூரிச் நகரத்தில் ஃபீலிக்ஸ் மான்ஸ் என்பவரை லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். வளர்ந்தவர்களுக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுத்தார் என்பதுதான் குற்றம். கொன்றவர்களும் வேதாகமம் வாசித்தவர்களே. நம் மேடைப் போதகர் மாதந்தோறும் ஆற்றங்கரையில் செய்வதும் அதே காரியம்தான். அன்றைய சூரிச்சில் அவர் இருந்திருந்தால் கரையேறி வந்திருக்க மாட்டார்.

“சாம்பியாவைப் பார், கிறிஸ்தவ நாடு என்று அறிவித்ததும் ஆசீர்வாதம் வந்தது” என்கிறார்கள். 1991இல் அறிவித்தார்கள், சரி. 2020இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தார்கள். அறிவிக்காத நாம் 2022இல் கைவிரித்தோம். ஆசீர்வாதம் ஒன்றரை வருடம் முந்திக்கொண்டதோ என்னவோ.

“அப்படியானால் அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மைத்தானம் கொடுப்பது மட்டும் சரியா?” என்று கேட்பீர்கள். சரியில்லை. அதை நான் பத்துத் தடவை எழுதியிருக்கிறேன், அப்போது உங்களில் ஒருவர்கூட லைக் போடவில்லை. 2003இல் ஒரு கன்னியாஸ்திரிகள் சபை வழக்கில், மதத்தைப் பரப்புவதற்கு அரசியலமைப்பில் உரிமை இல்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னபோது நமக்கு எவ்வளவு வலித்தது! 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் வந்தபோது உபவாசம் இருந்து ஜெபித்தோமே. அன்று மதச் சுதந்திரம் நமக்கு இனித்தது. இன்று மற்றவனுக்கு என்றதும் கசக்கிறதா? நமக்கு அடி விழுந்தால் அநியாயம், நம் கைக்குப் பிரம்பு வந்தால் தேவசித்தம். நல்ல நியாயம்!

“அது தீர்க்கதரிசனம், அரசியல் இல்லை” என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. சட்டம், நாடு, இடமிருக்காது. இதில் எது தீர்க்கதரிசனம்?

“நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லாத நாம் சட்டம் போடவா போகிறோம்? சும்மா பேச்சுத்தானே” என்று ஒரு சகோதரர் எழுதியிருந்தார். அடுத்த முறை மதமாற்றத் தடைச் சட்டமூலத்தை யாராவது தூசு தட்டி எடுத்தால், முதல் சாட்சியாக இந்தக் காணொளியைத்தான் போட்டுக் காட்டுவார்கள். அடி வாங்கப்போவது மேடையில் நின்றவர் அல்ல. அவருக்கு வாகனம் இருக்கிறது, போய்விடுவார். தோட்டத்துக் காம்பிராவில், அந்தச் சின்ன லய அறையில், பத்துப் பேரோடு ஜெபம் நடத்தும் ஏழைப் போதகர்தான் வாங்குவார்.

எனக்கு அது தெரியும். நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் காம்பிராவில்தான் வெள்ளிக்கிழமை ஜெபம். ஒருநாள் வெளியிலிருந்து ஒரு கூட்டம் வந்து இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், நின்று கத்தியது. பாய்களைச் சுருட்டிக்கொண்டு அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். அடுத்த நாள் பொலிஸில் அனுமதிக் கடிதம் எங்கே என்றார்கள். அப்பாவோடு வந்தவர் யார் தெரியுமா? மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர். நெற்றி நிறையத் திருநீறு. “இவர்கள் பாடுவது எங்களுக்குத் தொந்தரவில்லை ஐயா, எங்கள் திருவிழாவுக்கு லைட் கட்டுகிறவரே இவர்தான்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் கும்பிடுவதைத்தான் “இடமிருக்காது” என்று சொல்லிக் கைதட்டுகிறீர்கள்.

அவருடைய மகன் புதன்கிழமை அந்தக் காணொளியை எனக்கு அனுப்பி, “அக்கா, இவர்கள் உங்கள் ஆட்களா?” என்று கேட்டிருந்தான். இன்னும் பதில் போடவில்லை. என்ன போடுவது? நீங்களே சொல்லுங்கள்.

பேதுருவையே வாளை உறையில் போடச் சொன்னவர் இயேசு. கதவைத் தட்டி நிற்கிறவர் அவர். உங்களுக்கோ கதவை உடைக்க ஓர் அரசாங்க வர்த்தமானி அறிவித்தல் வேண்டும்.

நேற்றுச் சபை வாட்ஸ்அப் குழுவில் இதில் கால்வாசியைத்தான் எழுதினேன். பின்மாற்றக்காரி, விசுவாசத்தை விட்டு விலகியவள் என்றார்கள். என் கல்யாண வாழ்க்கைக்காக ஜெபிக்கிறோம் என்று ஒரு அக்கா எழுதினார். என் கல்யாணத்துக்கும் சாம்பியாவுக்கும் என்ன சம்பந்தமோ, கர்த்தருக்கே வெளிச்சம். இரவு குழுவிலிருந்து நீக்கியும் விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வழக்கமான வாங்கில்தான் உட்காருவேன். அதற்கு எந்தக் குழுவின் அனுமதியும் தேவையில்லை.

இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்கள் போதகருக்கு அனுப்ப யாரும் சிரமப்பட வேண்டாம். நானே அனுப்பிவிட்டேன்.