ஜெர்மன் ராணுவத்தின் கையில் கறையே இல்லையா?

‘இரண்டாம் உலகப் போரில் படுகொலைகளைச் செய்தது எஸ்.எஸ். படைதான், ஜெர்மன் ராணுவம் போர் மட்டுமே செய்தது’ என்று ஒரு வாட்ஸ்அப் பதிவு சுற்றுகிறது. (எஸ்.எஸ். என்பது ராணுவத்திலிருந்து தனியாக இருந்த, ஹிட்லரின் நாஜிக் கட்சியின் ஆயுதப் படை.) இந்தப் பதிவு சொல்வது தவறு.

இந்தக் கதையைப் பரப்பியதில் தோற்ற தளபதிகளுக்கே பெரும் பங்கு. போருக்குப் பிறகு, சோவியத் படையோடு மோதிய அனுபவம் தேவை என்று அமெரிக்க ராணுவத்தின் வரலாற்றுப் பிரிவு முன்னாள் ஜெர்மன் அதிகாரிகளை எழுத வைத்தது. அவர்களை ஒருங்கிணைத்தவர் ஹிட்லரின் தளபதிகளில் ஒருவரான ஃபிரான்ஸ் ஹால்டர். பதில் சொல்ல வேண்டியவர்களே வரலாறு எழுதினால் எப்படி இருக்கும்? பழி முழுவதும் ஹிட்லர் மீதும் எஸ்.எஸ். மீதும் போனது.

சரி, ஆவணங்கள் என்ன சொல்கின்றன? 1941 நவம்பர் 20 அன்று சோவியத் போர்முனையில் இருந்த ஜெர்மன் ராணுவத் தளபதி மான்ஸ்டைன் கையெழுத்திட்ட உத்தரவு, யூதர்களுக்குத் தரப்படும் கடும் தண்டனையின் அவசியத்தை வீரர்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறது. 1946இல் நாஜித் தலைவர்கள் மீது நடந்த நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணையில் அதைக் காட்டியபோது, தனக்கு நினைவே இல்லை என்றார் அவர்.

1978இல் வரலாற்றாய்வாளர் கிறிஸ்டியான் ஷ்ட்ரைட் வெளியிட்ட ஆய்வு இன்னும் கனமானது. ஜெர்மனியிடம் பிடிபட்ட சுமார் 57 லட்சம் சோவியத் வீரர்களில் ஏறத்தாழ 33 லட்சம் பேர் இறந்தார்கள் என்று அது காட்டியது. பசி, குளிர், நோய், துப்பாக்கிச்சூடு. அவர்களில் பெரும்பாலோரை அடைத்து வைத்திருந்த முகாம்களை நடத்தியது எஸ்.எஸ். அல்ல, ராணுவம்.

அப்புறம், போருக்குப் பின் உருவான புதிய ஜெர்மன் ராணுவத்தின் சொந்த வரலாற்று ஆய்வு நிறுவனமே 1979 முதல் 2008 வரை 10 தொகுதிகளாகப் போர் வரலாற்றை வெளியிட்டது. படுகொலைகளில் ஹிட்லர் கால ராணுவத்தின் பங்கை அதுவும் மறைக்கவில்லை.