ஆர்சனலின் கோப்பையில்லாக் காலம் குறித்து ஒரு திருத்தம்

லண்டன் கால்பந்து அணியான ஆர்சனலையும் அதன் அன்றைய பயிற்சியாளர் வெங்கரையும் பற்றி, "2005 முதல் 2014 வரை ஆர்சனல் ஒரு கோப்பையும் வெல்லவில்லை, கையிலிருந்த அணியை வெங்கர் வீணடித்தார்" என்று சொல்லப்படுவதுண்டு. முதல் பாதி சரி, இரண்டாவது பாதி அதிலிருந்து கிடைக்கும் முடிவன்று.

ஓர் அணி தன் தகுதிக்குக் கீழே விளையாடியதா என்பதை, அதனிடம் என்ன இருந்தது என்பதை வைத்தே அளக்க வேண்டும். 2006இல் ஏறத்தாழ 39 கோடி பவுண்டு செலவில் அறுபதாயிரம் இருக்கைகள் கொண்ட புதிய மைதானத்துக்குக் குடிபெயர்ந்த ஆர்சனல், அக்கடன் தோளில் இருக்கும்போதே, ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச்சின் பணம் பாய்ந்த செல்சியுடனும், 2008க்குப் பின் அபுதாபியின் கைக்கு மாறிய மான்செஸ்டர் சிட்டியுடனும் போட்டியிட வேண்டியிருந்தது. ஃபாப்ரிகாஸ், நஸ்ரி, வான் பெர்சி என்று முன்னணி வீரர்கள் வெளியேறிக்கொண்டே இருந்தபோதும், அக்காலம் முழுவதும் அணி இங்கிலாந்தின் உயர்மட்டத் தொடரான பிரீமியர் லீக்கில் ஒரு முறைகூட முதல் நான்கு இடங்களுக்குக் கீழே இறங்கவில்லை. 2006இல் ஐரோப்பாவின் முன்னணி அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் இறுதிப்போட்டி வரை சென்று, கோல்காப்பாளர் லேமன் 18ஆம் நிமிடத்திலேயே வெளியேற்றப்பட்ட பிறகும் பார்சிலோனாவிடம் 2-1 என்றுதான் தோற்றது. 2007-08 பிரீமியர் லீக்கில் 83 புள்ளிகள் பெற்றது. பட்டம் வென்ற மான்செஸ்டர் யுனைடெட் பெற்றவை 87.

குறை சொல்லத்தான் வேண்டுமென்றால் 2011ஐச் சொல்லுங்கள். அந்தப் பருவத்தின் முடிவில் லீக்கிலிருந்தே தரமிறங்கிய பர்மிங்காமிடம் லீக் கோப்பை இறுதிப்போட்டியில் தோற்றதற்கு மைதானக் கடனைக் காரணம் காட்ட முடியாது.