செத்துப்போன காதலும் ஒட்டுப்பால் நாத்தமும்

மூணு வாரமா நானும் எங்க மாமியும் தமிழ்ல டப் பண்ணின ஒரு கொரியன் சீரியல் பாத்துட்டு இருக்கோம். மொத்தமே 16 எபிசோடுதான், நம்ம ஊரு சீரியல்ல அதுக்குள்ள நிச்சயதார்த்தமே முடியாது. கதை ஒண்ணும் பெருசா இல்ல, ஒருத்தன் பழைய காதலிய நெனச்சிக்கிட்டே திரியான், அவ்ளோதான். முதல் பனி விழும்போது பிடிச்ச ஆளு பக்கத்துல இருந்தா காதல் நெலைக்கும்னு அங்க ஒரு நம்பிக்கை இருக்காம், அதனால பனி கொட்டுனாலே இவன் ரோட்டுல போய் நின்னுருவான். மாமி கேக்காவ, "இந்தப் பய எதுக்கு பிள்ளே ஒரு குடைகூட இல்லாம நிக்கான்?"

ஆனா எனக்கு ஒரு விஷயம் பிடிச்சிருக்கு, அந்தப் பொண்ணு இதுவரைக்கும் திரும்பி வரல. நம்ம சீரியல்னா முன்னூறாவது எபிசோடுல பழைய காதலி வந்தே தீருவா, அதுவும் வில்லியா, பால்ல எதையாவது கலக்கதுக்கு. போனவங்கள அப்படியே போக விட நம்ம ஆளுகளுக்குத் தெரியவே செய்யாது.

அப்புறம் இந்த பிளாஷ்பேக். எப்பவும் அவ சிரிச்சது, முடி பறந்தது, ஸ்லோமோஷன், வயலின். நெசமா அப்படியா ஞாபகம் இருக்கு? எனக்கெல்லாம் காலேஜ் காலத்துல நான் காதலிச்சவன் மூஞ்சியே பாதி மறந்து போச்சு, மறக்காதது ஒட்டுப்பால் நாத்தம்தான். தெரியாதவங்களுக்குச் சொல்லுதேன், ரப்பர் மரத்துல வெட்டுன பட்டையிலயும் சிரட்டையிலயும் ஒட்டிக் காஞ்சு போற பாலு அது, அதப் பிச்சு சாக்குல கட்டி வச்சா நாலு வீடு தள்ளி மூக்கப் பொத்தணும். அவன் குலசேகரம் பக்கம், வெடிய முன்னால பால் வெட்டிட்டு, குளிச்சி பவுடரும் போட்டுட்டுதான் காலேஜுக்கு பஸ் ஏறுவான், ஆனாலும் சட்டையில லேசா அந்த வாடை இருக்கும். ஜூன் மாசம் பிடிக்க இடவப்பாதி மழையில பஸ் ஷட்டர் எல்லாம் எறக்கி விட்டிருப்பாங்க, தக்கலை வரைக்கும் அந்த வாடையோடதான் போவோம். நல்லா மழை பெஞ்சா வெட்டு கெடையாது, அன்னைக்கு அவன்கிட்ட வெறும் சோப்பு மணம்தான், எனக்கு என்னவோ வேற ஆள் பக்கத்துல நிக்க மாதிரி இருக்கும். இத எந்த டைரக்டர் வயலின் போட்டு எடுப்பான் சொல்லுங்க.

(எங்க வீட்டுக்காரர் துபாய்ல இருந்து இதப் படிப்பாவ. படிக்கட்டும், அவியளுக்கும் ஒரு கதை உண்டு, எனக்குத் தெரியும்.)

பிரிஞ்சதுக்கு காரணமும் சீரியல் மாதிரி இல்ல. யாரும் சதி பண்ணல, அழல. அவன் வேலைக்குன்னு போனான், ரெண்டு லெட்டர் வந்துது, மூணாவது வரல. அவ்ளோதான்.

நேத்து மார்த்தாண்டம் போயிட்டு வரும்போது எங்க ஆட்டோவுக்கு முன்னால ஒட்டுப்பால் ஏத்துன டெம்போ ஒண்ணு. டிரைவர் துண்ட எடுத்து மூக்குல கட்டுனாரு, மாமி சேலை முந்தானையால பொத்திக்கிட்டாவ. கொஞ்ச தூரம் போனதும் என்னையே பாத்துட்டு கேட்டாவ, "ஒனக்கு மட்டும் நாறலியா பிள்ளே?"

மூக்கடைப்பு மாமின்னு சொல்லிட்டேன்.