ரக்கருக்கு முன்பே சார்லி பிரைட்

"பாப் இசையில் வாய்ப்பு போனதும் கன்ட்ரிக்கு (அமெரிக்க கிராமிய இசை) வந்து, அங்கே முதலிடம் பிடித்த முதல் கறுப்பினப் பாடகர் டேரியஸ் ரக்கர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் ஆள் அவர் இல்லை. கறுப்பினப் பாடகரான சார்லி பிரைட் 1969-லேயே பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்துவிட்டார். அதிலிருந்து 1983 வரை முதலிடம் வந்தவை ஒன்றிரண்டு அல்ல, 29 பாடல்கள்! ரக்கர் 2008-இல் முதலிடத்தைத் தொட்டது அதற்கு 25 ஆண்டுகளுக்குப் பிறகு. அதுவே பெரிய விஷயம்தான், மிகைப்படுத்தத் தேவையில்லை.

வாய்ப்பு போனதா? ரக்கர் பாடிய ஹூட்டி அண்ட் த ப்ளோஃபிஷ் குழுவின் 1994 ஆல்பம் விற்பனையில் அமெரிக்காவில் மட்டும் 2 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. பிற்காலத்தில் குழுவின் விற்பனை சரிந்தது, சரி. ஆனால் 2002-இல் ரக்கர் தனியாக முயன்றது ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ் என்ற இசை வகை) ஆல்பம். கன்ட்ரி அதற்கும் பிறகுதான்.