முற்றம் மட்டும் போதாது
"முற்றமும் சுற்றுமதிலும் இருந்தால் காப்பகத்து நாயைத் தத்தெடுக்கலாம்" என்று நாய் தத்தெடுப்பு பற்றிய கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதிய வரியை என்னால் ஏற்க முடியவில்லை. திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு இரண்டும் இருந்தன. ஆனாலும் நாங்கள் கொண்டுவந்த 3 வயதுப் பெட்டை நாய் முதல் பத்து நாளும் தையல் மெஷினுக்கு அடியிலேயே கிடந்தது; விளக்கை அணைத்த பிறகுதான் சோற்றில் வாய் வைத்தது. கோயில் வெடிச் சத்தம் கேட்டால் இன்றும் நடுங்கிக்கொண்டு என் கால்களுக்கிடையில் புகுந்துகொள்கிறது. அதற்குத் தேவைப்பட்டது முற்றமல்ல, பகலில் வீட்டில் இருக்கும் ஓர் ஆள். விசர்நாய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் மறக்காமல் போடவும் வேண்டும். அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்ட ஒருவர், பிள்ளைகள் கேட்பதால் நாய்க்குட்டி எடுக்கப்போவதாக எழுதியிருக்கிறார். நாய் 10, 12 ஆண்டுகள் வாழும் ஐயா. பிள்ளைகள் படிக்க வெளியூர் போன பின் யார் சோறு வைப்பது என்று இன்றே வீட்டில் பேசிவிடுங்கள். கழுத்துப்பட்டியோடு அநாதையாக அலையும் நாய்களை உப்புவெளிக் கடற்கரையில் பார்த்திருக்கிறேன்.