அவன் ரத்தத்த அவனுக்கே ஏத்த நாப்பது லட்சமா?

தாராவியில இட்லி அவிச்சு, சைக்கிள்ல வச்சு விக்கிறவங்களுக்கு சப்ளை பண்ற அண்ணாச்சி ஒருத்தர், திருநெல்வேலி பக்கம், சின்ன வயசுலேருந்து பழக்கம். அவர் பையனுக்கு 19 வயசு, பி-செல் லுக்கீமியாங்கிற ரத்தப் புத்து, கீமோவுல சரியாகி ஒரே வருஷத்துல திரும்ப வந்துடுச்சு. கார்-டி செல் சிகிச்சை பாக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நான் லேப்ல வேலை பாக்குறவன்ங்கிறதால நேரா வந்து கேட்டாரு, "ஏல, அவன் ரத்தத்த எடுத்து அவனுக்கே ஏத்துறதுக்கு எதுக்குல நாப்பது லட்சம்?"

எனக்கு சட்டுனு பதில் வரல.

ரத்தத்துலேருந்து டி செல்லை (நோயோட சண்டை போடுற ஒரு வகை வெள்ளை அணு) பிரிச்சு எடுத்துட்டு மிச்சத்தை உடம்புக்கே திருப்பி விட்டுடுவாங்க. அந்த டி செல்லுக்குள்ள ஒரு புது ஜீனை நுழைக்கணும், அதைச் சுமந்துட்டுப் போறது எச்ஐவி குடும்பத்து வைரஸ், நோய் குடுக்குற சங்கதியெல்லாம் புடுங்கிப் போட்டது (இதை மட்டும் அண்ணாச்சிகிட்ட சொல்லல, பயந்துடுவாரு). அப்புறம் அந்த செல்லு மேல ஒரு கொக்கி முளைக்கும், சிடி19ங்கிற புரதம் எவன் மேல இருக்கோ அவனைப் புடிச்சு கொல்லும். பி செல்லும் ஒரு வகை வெள்ளை அணுதான், கேன்சர் வந்த பி செல்லுலயும் அது உண்டு நல்ல பி செல்லுலயும் உண்டு, ரெண்டும் காலி. இதெல்லாம் கிருமி அண்டாத ரூம்ல, ஆளுக்கு ஒரு பேட்ச், இவனுக்கு செஞ்சதை பக்கத்து பெட்காரனுக்கு ஏத்த முடியாது. "அண்ணாச்சி, ஒவ்வொரு இட்லிக்கும் தனியா அரிசி ஊறப்போட்டு தனி கிரைண்டர்ல ஆட்டுனா எப்படியிருக்கும்?"னேன். தலையில கை வச்சுட்டாரு.

இதே மாதிரி கார்-டி சிகிச்சையான கிம்ரியா அமெரிக்காவுல 2017ல அனுமதி வாங்கினப்போ விலை 4,75,000 டாலர். நம்ம பவாய் ஐஐடியும் டாடா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரியும் சேர்ந்து கொண்டுவந்த நெக்ஸ்கார்19க்கு 2023 அக்டோபர்ல அனுமதி கிடைச்சது, 2024 ஏப்ரல்ல ஜனாதிபதி முர்மு வந்து தொடங்கி வச்சாங்க, விலை பத்துல ஒரு பங்கு, அதுதான் அண்ணாச்சி கேட்ட நாப்பது லட்சம். பெரிய சாதனைதான், மும்பைக்காரனா எனக்கும் பெருமைதான். ஆனா அதுக்காக "மலிவு விலை"ன்னு ஃபார்வர்ட் பண்றீங்களே, யாருக்குங்க மலிவு? அரசு காப்பீட்டு கார்டுல குடும்பத்துக்கே வருஷத்துக்கு 5 லட்சம்தான். செல்லை ஏத்துனப்புறம் காய்ச்சல் வந்து பிரஷர் இறங்கி ஐசியுல போட்டா அதுக்கும் பணம் வேணும். இவ்வளவும் பண்ணி எல்லாருக்கும் கேக்கும்னும் இல்ல, ட்ரயல்ல பலன் தெரிஞ்சது 73 சதவீதம் பேருக்கு.

இந்த வித்தை பொறந்த ரெண்டு இடமுமே நம்ம வரிப்பணத்துல ஓடுறது. அனுமதி குடுத்ததும் 15 வயசு தாண்டி, மத்த சிகிச்சை கைவிட்ட பி-செல் கேன்சர்காரங்களுக்கு மட்டும். (என் பெரியம்மா மார்பகப் புத்துக்கு இதைப் போடலாமான்னு சொந்தக்காரங்க கேக்குறாங்க, முடியாதுங்க, இது அதுக்கில்ல.) ஊரே வரிசையில வந்து நிக்கப் போறதில்ல, கணக்கு வச்சு குடுக்கக்கூடிய கூட்டம்தான், இவங்களுக்குன்னு தனியா ஒரு நிதி ஒதுக்குனா என்ன குறைஞ்சுடும்?

செவ்வாய்க்கிழமை ஜிடிபி நகர்ல பன்வேல் லோக்கல் புடிச்சு கார்கர் போறோம். 2021 ஜூன்ல இந்தியாவுலயே முதல் தடவையா இந்த சிகிச்சை குடுத்த டாடா மெமோரியலோட ஆக்ட்ரெக்ங்கிற கேன்சர் ஆராய்ச்சி மையம் அங்கதான் இருக்கு, ட்ரயல் ஏதும் ஓடுதா, உதவுற டிரஸ்ட் லிஸ்ட் குடுப்பாங்களான்னு கேக்கணும். நம்ம ஆளுங்க யாராச்சும் இந்த வழியா போயிருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க. அண்ணாச்சி இப்பல்லாம் ராத்திரி ஒரு மணிக்கே மாவு ஆட்ட ஆரம்பிச்சுடுறாரு.