செத்துப்போன தாத்தாவ விட்டுருங்க மக்கா

மேஜிக் பண்ற தம்பிமாரு யாரும் கோவிச்சுக்கப்படாது, ஆனா இத யாராவது சொல்லித்தான் ஆகணும். இப்பம் க்ளோஸ்-அப், அதாவது ஆளுக்குப் பக்கத்துல உக்காந்து காட்டுற மேஜிக், பண்ற பாதிப்பேரு வாயத் தொறந்தா மொதல்ல வாறது ஒரு தாத்தா. "இந்தக் காயின் எங்க தாத்தா சாகுறதுக்கு முன்னால எனக்குத் தந்தது..."ன்னு கொரல எறக்கி, பின்னால போன்ல பியானோ மியூசிக் வேற. காயினப் பாத்தா அமெரிக்கன் ஆஃப் டாலர், கென்னடி தல போட்டது. தாத்தாவுக்கு குலசேகரத்துல ரப்பர் வெட்டு சோலி. கென்னடி எப்பிடி மோனே அங்க வந்தாரு?

எமோஷனல் கனெக்ட் வேணும்னு வீடியோவுல படிச்சிட்டு வாறானுவ, அது தப்புன்னு நான் சொல்லல. ஆனா தமிழ்நாடு-கேரளா எல்லையில நம்ம மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை பக்கம் இருக்குற ஆளுக மீன் செவுளத் தூக்கிப் பாத்து வாங்குற மாதிரி மனுசன் பேச்சயும் தூக்கிப் பாத்துதான் வாங்குவாங்க. கடன் வாங்குன சோகம் ஒரு நிமிசத்துல நாறிப்போவும். நான் சொல்றது இதான், உணர்ச்சிய நீங்க எங்கேருந்தும் சொமந்துட்டு வந்து வெளம்ப வேண்டாம், எதுத்தாப்புல உக்காந்திருக்கவங்க கிட்ட அது ஏற்கெனவே இருக்கு. அவங்க காசு, அவங்க ஆடுற சீட்டு, அவங்க கை, அவங்க வீட்டுப் பேச்சு. அத எடுத்து வெளாடத் தெரிஞ்சா போதும்.

சீட்டையே எடுத்துக்குவோம். வெளிநாட்டு வீடியோவுல எவனப் பாத்தாலும் நாலு ஏஸ் எடுப்பான். கட்ட கலச்சு, வெட்டி, கடசில நாலு ஏஸும் மேல வந்து நிக்கும், அங்க உள்ளவன் எந்திரிச்சு நின்னு கத்துவான். அதே ஐட்டத்த ஒரு கல்யாணத்துக்கு மொத நாள் ராத்திரி நம்மூர்ல பந்தல்ல உக்காந்து 28-ன்னு ஒரு சீட்டாட்டம் ஆடிட்டு இருக்குற மாமன்மாருட்ட காட்டுங்க, "ம்ம், செரி"ம்பாங்க. ஏன்னா 28 ஆட்டத்துல ஏஸுக்கு ஒரு பாயிண்டுதான், பத்துக்கும் ஒண்ணுதான், ஒம்பதுக்கு ரெண்டு, ஜாக்குக்கு, நம்ம பேச்சுல குலானுக்கு, மூணு. சீட்டுல ஒரு சாதிக்கு (இஸ்பேட் மாதிரி) ஏழு, நாலு சாதிக்கு 28, அதான் ஆட்டத்துக்கு அந்தப் பேரு. ராசாவும் ராணியும் அங்க சும்மா ஒப்புக்கு. நாலு குலான எடுத்து வரிசையா போடுங்க பாப்போம், பந்தலே எந்திரிக்கும். "எடே இவன் கூட ஆடப்படாதுடே"ன்னு ஒரு சத்தம் வரும் பாத்துக்கிடுங்க, அதுக்கு மேல என்ன கனெக்ட் வேணும்? அதே டெக்னிக்கு, அதே கைவேல, சீட்டு மட்டும் அவங்களுக்கு வேண்டிய சீட்டு.

ஆம்பிஷஸ் கார்டுன்னு ஒரு ஐட்டம் இருக்கு, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், நடுவுல சொருகுன சீட்டு திரும்பத் திரும்ப மேல வரும். 1922-ல சிகாகோவுல சீட்டு வித்தக்காரரு டாய் வெர்னன் இத பேர்பெத்த மேஜிக்காரரு ஹூடினிக்கே செஞ்சு காட்டுனாரு. எந்த வித்தையையும் மூணு தடவ பாத்தா கண்டுபிடிச்சிருவேன்னு சவால் விட்டுட்டுத் திரிஞ்ச மனுசன் ஹூடினி. சீட்டுல அவரயே கையெழுத்து போடவச்சு வெர்னன் மறுபடி மறுபடி காட்டுனாரு, அவரால புடிக்க முடியல. ஹூடினிய ஏமாத்துன ஆளுங்குற பேரு வெர்னனுக்கு 1992-ல சாவுற வரைக்கும் நிலைச்சுது. செரி, பெரிய காரியந்தான். ஆனா நான் எப்பவும் யோசிக்கிறது அன்னிக்கு ஹூடினிக்கு மனசுல என்ன இருந்திருக்கும்னுதான், சந்தோசமா இருந்திருக்குமா? தோத்தவனுக்கு வெப்ராளந்தான் மிஞ்சும். நம்ம பையங்க பாதிப்பேரு ஆடியன்ஸ ஹூடினியா நெனச்சுக்கிட்டு வித்த காட்டுறாங்க, ஜெயிச்சுட்டு அப்புறம் ஏன் யாரும் சிரிக்கலன்னு கேக்குறாங்க.

நான் அத என்ன செய்வேன்னா, 28 ஆடித் தோத்து காதுல குணுக்கு தொங்கவிட்டு உக்காந்திருக்க ஆளப் பாத்துதான் போவேன். (கேரளாக்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம், மத்தவங்களுக்கு: தோத்தவன் காதுல எதையாவது தொங்கவிட்டுத்தான் ஆடணும், ஜெயிச்சாத்தான் கழட்டலாம்.) அவர் கையாலயே இஸ்பேட் குலான்ல பேரு எழுதச் சொல்லுவேன். ஒவ்வொரு தடவ அது மேல வரும்போதும் நான் ஜெயிக்கல, அவர் குலான் ஜெயிக்குது. கடசில அவர் உள்ளங்கைக்கு அடியில சீட்டு வந்ததும் குணுக்கக் கழட்டி எனக்கு மாட்ட வந்துருவாரு. சுத்தி இருக்கவங்க எல்லாம் அவருக்குத்தான் கைதட்டுவாங்க, தட்டணும்.

இனி காசு. நம்ம ஊர்ல காயின் மேஜிக் பண்றவனுக்குள்ள கஷ்டம் வெளிய உள்ளவங்களுக்குத் தெரியாது. புக்குல உள்ள கைவேல எல்லாம் ஆஃப் டாலருக்கு, அது 30.6 மில்லிமீட்டர் அகலம், உள்ளங்கையில புடிச்சா நிக்கும். நம்ம பழைய வெள்ளக்காரன் காலத்து வெள்ளி ரூவாயும் ஏறக்குறைய அதே அகலந்தான், 11.66 கிராம் எட, கைக்குச் சொகமா இருக்கும். இப்பத்தைய ஒத்தரூவா 20, இல்லன்னா 22 மில்லிமீட்டர், அது எங்க நிக்கும், பத்து ரூவா காயின் 27, அது பரவால்ல. ஆனா பத்து ரூவா காயினுக்கு நம்ம பக்கம் ஒரு கத உண்டுல்லா. கேரளாவுல பாறசாலைல வாங்குன பத்து ரூவாய களியக்காவிளை தாண்டி தமிழ்நாட்டுக்குள்ள நீட்டுனா "இது செல்லாது, வேற தாங்க"ம்பாங்க. பத்து ரூவாயில 14 டிசைன் இருக்கு, எல்லாமே செல்லும்னு ரிசர்வ் பேங்க் 2018-ல அறிக்கையே விட்டுது, யாரு கேட்டா. அந்தக் காயின வச்சு வித்த காட்டும்போது மாயமா மறஞ்சா ஒரு சிரிப்பு, "போனா போவட்டும், எப்பிடியும் பஸ்ல வாங்கமாட்டான்"னு யாராவது சொல்லுவாங்க. நான் சொல்லவேண்டிய டயலாக்க அவங்களே சொல்லியாச்சு.

ஒரு பாட்டியம்மா கிட்ட நடந்தது மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன். வெத்தலச் செல்லத்துல சுண்ணாம்புக் குப்பிக்குப் பக்கத்துல, துணியில முடிஞ்சு ஒரு செம்புச் சக்கரம் வச்சிருந்தாங்க, ராசா சித்திரைத் திருநாள் தல போட்டது. திருவாங்கூர்ல 1949 வரைக்கும் இருந்த காசு. சொல்லாமலே முடிச்ச அவுத்து "இத வச்சுக் காட்டுடே"ன்னு தந்தாங்க. ஓரமெல்லாம் தேஞ்சு வழுவழுன்னு இருக்கு, வெரல்ல புகையில மணம். சாதாரணமா காசு மறஞ்சதும் ரெண்டு மூணு ஜோக் அடிச்சு, காதுக்குப் பின்னால எடுத்து, திரும்ப மறச்சு இழுப்போம். அன்னிக்கு இழுக்கல. என் கை வெறும் கையா விரிஞ்ச ஒடனே அவங்க மொகம் இருந்த இருப்பு, "எனக்க சக்கரம் எங்கடே மக்களே?"ன்னு கேட்ட கொரலு, அதுல வெளாட்டு இல்ல. அங்க ஜோக் அடிக்கிறவன் மனுசன் இல்ல. ஒரு மூச்சு நேரம் விட்டேன், "கையத் தொறங்க பாட்டியம்மா"ன்னேன், அவங்க மூடி வச்சிருந்த எடது கைக்குள்ள இருந்துச்சு.

எப்பிடின்னு அவங்க கேக்கவே இல்ல. 28 சக்கரம் ஒரு ரூவா (இங்கயும் 28 தான், நான் என்ன செய்ய), நாலு சக்கரம் ஒரு பணம்னு ஆரம்பிச்சு, அவங்க அப்பா சந்தைக்கு மரச்சீனி கொண்டுபோனது, மழையில வண்டி கவுந்தது வரைக்கும் சொல்லி முடிக்க அரமணி நேரம். எனக்கு அதுக்கப்புறம் வித்த காட்ட வாய்ப்பே கெடைக்கல, சீட்டுக்கட்டு பாக்கெட்லயே இருந்துச்சு. அந்த வீட்டுத் தாத்தா கத உண்மையான தாத்தா கத, நான் எழுதுனதில்ல.

இன்னொரு சமாச்சாரம், கண்ணு. "உங்க பேரென்ன?"ன்னு கேட்டா ஆளு நம்ம மொகத்தப் பாக்கும், அந்த நேரத்துல கை தன் சோலியப் பாக்கும், மிஸ்டைரக்‌ஷன்ல இது ஆனா ஆவன்னா, ரகசியம் ஒண்ணும் ஒடையல. ஆனா பேரக் கேட்டுட்டுப் பதில கேக்காதவன் எத்தன பேரு! கைவேல முடிஞ்ச ஒடனே கண்ணு அடுத்த ஆளுக்குப் போயிரும், பேரு காத்துல போயிரும். உண்மையிலயே தெரிஞ்சுக்கணும்னு கேட்டுப் பாருங்க, மிஸ்டைரக்‌ஷன் இன்னும் பலமா நிக்கும், அவங்க பதில் சொல்ற வரைக்கும் ஒங்க கைய யாரும் பாக்கமாட்டாங்க. எந்தப் பாசையில கேக்கணும்ங்கறதும் உண்டு. பொண்ணு வீடு நெய்யாற்றின்கரையும் மாப்ள வீடு மார்த்தாண்டமுமா இருக்குற பந்தல்ல "சேச்சி, கை ஒண்ணு நீட்டாமோ"ன்னு மலையாளத்துல ஒரு வரி போதும், அந்தப் பக்கத்து நாற்காலியெல்லாம் முன்னால நகரும்.

கதையே சொல்லப்படாதான்னு கேப்பீங்க. சொல்லலாம், ரெனே லவாண்ட் சொன்னாரு. அர்ஜென்டினாக்காரரு, ஒம்பது வயசுல கார் மோதி வலது கை போச்சு, எடது கை ஒண்ண வச்சு 2015-ல சாவுற வரைக்கும் சீட்டு வித்த காட்டுனவரு. செவப்பு மூணு கறுப்பு மூணு, கலந்து வச்சா தானா பிரிஞ்சு சேரும், ஒவ்வொரு தடவையும் இன்னும் பைய, இன்னும் பைய செய்வாரு. பாக்குறப்ப அவருக்கு ஒரு கைதாங்கறது எனக்கு மறந்தே போவும். நம்ம பையங்க கை ரெண்டையும் வச்சுக்கிட்டு என்னா அவசரம்! பட்டாம்பி பக்கத்து வாழக்குன்னம் நம்பூதிரி செப்பும் பந்தும் (கிண்ணத்தயும் பந்தயும் வச்சுக் காட்டுற வித்த) காட்டித்தானே கேரளா மேஜிக்குக்கே தலையானாரு, அதுக்கு லைட்டு வேணுமா, பியானோ வேணுமா?

"எனக்குத் தெரியும், கையில ரெண்டு சீட்டு இருக்கு"ன்னு கத்துற ஒரு தம்பி எல்லாப் பந்தல்லயும் இருப்பான், யூடியூப் பாத்தவன். அவன அவமானப்படுத்துற லைன் எல்லாம் விக்கிறாங்க, வாங்காதீங்க. அவன் சீட்டு நேசிக்கிறவன், கூப்புட்டுப் பக்கத்துல உக்காரவச்சு கட்ட கலைக்கச் சொல்லுங்க.

அப்புறம், ஞாயித்துக்கெழம களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் எங்கயாவது ஒழுங்கா 28 ஆடுற எடம் தெரிஞ்சா கமெண்ட்ல போடுங்க. சீட்டு நான் கொண்டாரேன், குணுக்கு நீங்க ரெடி பண்ணி வைங்க.